மணமகனைச் சுமக்கும் குதிரை

குளிர்காலம் வந்துவிட்டால் மயூர் விஹார் வீதிகளில் பாண்டு வாத்தியம் முழங்கும். தலைப்பாகையணிந்த மணமகன் வெண்குதிரை மீதமர்ந்து வரும் காட்சியை நம் குழந்தைகள் மாடியில் நின்று கண்டு களிப்பர். மாப்பிள்ளை அழைப்புக்கு மோட்டார் வண்டியை நாடும் நமக்கு இது புதுமையே. ஆயின், அக்குதிரை எவ்வாறு வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

தொலைவிலிருந்து வரும் குதிரைகள் லாரியில் ஏற்றிக் கொணரப்படுகின்றன. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கும் பல குதிரைகள் இவ்வாறே வருகின்றன. அன்று அவை கப்பலில் வந்தன. கடல் வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அவ்வாறு வந்தவற்றுள் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவர் இன்மையால் ஓராண்டுக்குள் மடிந்தன என்று எழுதினார்.

பேணும் முறை அறிய, முதலில் குதிரையின் உடலியல்பை அறிதல் வேண்டும். அதன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நிலைகுலைந்து விழும். அது மூக்கால் மட்டுமே மூச்சுவிடும். தலையை நெடுநேரம் உயர்த்திக் கட்டிவிட்டால், உள்ளே சென்ற தூசியை வெளியேற்ற இயலாது நுரையீரல் நோயுறும். ஆகவே வழியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்டுவதும், தலையைத் தாழ்த்த விடுவதும் இன்றியமையாதன.

1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 1978இல் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். ஒரு வண்டியில் 4 முதல் 6 குதிரைகளுக்கு மேல் ஏற்றலாகாது. தரை வழுக்கலாகாது. குதிரைகளுக்கிடையே 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூங்கில் கழிகளைக் கட்ட வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்கக் குதிரையின் தலை இடப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும்.

டில்லிக் குடும்பங்களோடு நாம் சம்பந்தம் செய்துகொள்ளும் காலம் இது. நாளை நம் வீட்டு மாப்பிள்ளைக்கும் குதிரை அமர்த்த நேரலாம். கூலி பேசும்போதே, "எந்த வண்டியில் கொண்டுவருவீர்கள்? வழியில் தண்ணீர் காட்டுவீர்களா?" என்று கேட்போம். பேசாத உயிருக்காக நாம் பேசுவதும் மங்கலமே.