குருவியை விரட்டியது டவரா, தார்சு வீடா?

2025-இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸில்தான் கூமாப்பட்டி கிராமத்தின் பெயர் ஊரெல்லாம் பரவியது. பிளவக்கல் அணையும் தென்னந்தோப்பும் செல்போன் அலையில் ஏறித்தான் வெளியூர் போயின. அதே அலைதான் அடைக்கலாங்குருவியை ஒழித்தது என்பது தமிழ்நாட்டின் டீக்கடைத் தீர்ப்பு. 2018-இல் வந்த ஷங்கரின் ‘2.0’ படம் அதற்கு முத்திரையே குத்திவிட்டது.

சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் செல்போன் டவர் ஓர் ஊருக்குத் தனியாக வருவதில்லை. தார்சு வீட்டையும் சிமென்ட் முற்றத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் வைக்கோலைச் செருகிக் குடியிருந்த பறவைக்கு கான்கிரீட் கூரையில் இடம் ஏது? களத்தில் சிந்திய கம்பும் சோளமும் போய், அரிசி பாக்கெட்டில் வருகிறது. குஞ்சுக்கோ முதல் நாட்களில் தானியம் ஆகாது, புழு பூச்சிதான் வேண்டும். பூச்சிமருந்து அதையும் குறைத்துவிட்டது. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. ஆகவே ‘டவர் பக்கம் குருவி குறைவு’ என்ற கணக்கு மட்டும் எதையும் நிரூபிக்காது. பெல்ஜியத்தில் 150 இடங்களில் எண்ணி, அலை வலுத்த இடங்களில் ஆண் குருவி குறைவு என்று 2007-இல் எழுதினார்கள். வேறு காரணங்களை அந்தக் கணக்கால் விலக்க முடியவில்லை. பிரிட்டனிலோ செல்போன் வருவதற்கு முன்பே, 1970-களின் இறுதியிலேயே சரிவு தொடங்கிவிட்டது.

அணு உலை விபத்து நடந்த இடங்களிலும் இதே முடிச்சுதான். 1986-இல் செர்னோபிலிலிருந்து மக்கள் போனதும் மாடுகள் போயின. தொழுவத்தில் கூடு கட்டி, ஈ பிடித்துத் தின்னும் தகைவிலானுக்கு வீடும் சாப்பாடும் சேர்ந்தே போயின. குறைந்தது கதிர்வீச்சாலா, ஊர் காலியானதாலா? தலையெண்ணினால் விடை வராது. உடம்பைப் பார்க்க வேண்டும். செர்னோபில் தகைவிலான்களின் இறகில் வெள்ளைத் திட்டுகள் கூடியிருந்தன. ஃபுகுஷிமாவில் குஞ்சுகளின் ரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வில் மரபணுச் சேதம் தெரியவில்லை. ஆனால் கதிர்வீச்சு கூடிய இடங்களில் பறவைகளின் எண்ணிக்கை சரிந்திருந்தது. டவர் அலைக்கு மரபணுவை உடைக்கும் ஆற்றலே கிடையாது. இரண்டையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் குழப்பத்தின் பாதி.

அதற்காக அலைகள் எல்லாம் அப்பாவிகள் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ராபின் பறவைகள் வலசைத் திசை தெரியாமல் தடுமாறின. அவை இருந்த மரக்குடிசையை அலுமினியத் தகட்டால் மூடி, எர்த் கொடுத்ததும் திசை திரும்பக் கிடைத்தது. 2014-இல் வெளியான ஆய்வு இது. அங்கே குற்றவாளி செல்போன் அல்ல, ஏ.எம். ரேடியோ அலைவரிசையை ஒட்டிய மின்காந்த இரைச்சல். எனக்குப் பிடித்தது அந்தச் சோதனையின் சுத்தம்: பறவை, இடம், இரை எதுவும் மாறவில்லை, அலை மட்டும் நீங்கியது.

கூமாப்பட்டியில் குடிசைக்குத் தகடு அடிக்க வேண்டாம். டவரடியில் ஓட்டு வீட்டுத் தெரு, தார்சுத் தெரு. டவருக்கு எட்டத்தில் அதேபோல் இரண்டு. நான்கிலும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடிய துளையுள்ள மரப்பெட்டிகளை மாட்டி, எத்தனை குஞ்சு பறந்தது என்று சில ஆண்டுகள் எண்ணினால் போதும். நாடு முழுக்கக் குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்தது என்கிறது ‘இந்தியப் பறவைகளின் நிலை 2020’ அறிக்கை. ஆனால் டவர் இல்லாத கிராமம் இன்று அரிது. டவரடிப் பெட்டியிலும் குஞ்சு பொரித்தால், அடுத்து விசாரிக்க வேண்டியது கொத்தனாரை.