ஸ்ரீநாத் தனியாகச் சுமந்த காலம்

ஜவகல் ஸ்ரீநாத் முதல் டெஸ்ட் ஆடியது 1991 நவம்பரில், பிரிஸ்பேன் காபா மைதானத்தில். சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட 1994 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே ஆடுகளங்கள் சுழலுக்கென்றே தயாராயின. புதுப்பந்தின் பளபளப்பு போகும்வரை வீச கபில் தேவும் பிரபாகரும் போதும் என்று விட்டுவிட்டார்கள். மைசூரில் பொறியியல் படித்த அந்த நெடிய இளைஞர், நல்ல வேகம் கைவசம் இருந்தும், வெளிநாட்டுப் பயணங்களுக்கு மட்டுமே தேவைப்பட்டார்.

வாய்ப்பு வந்தபோது பாரமெல்லாம் அவர் தோளில் இறங்கியது. 1996இல் அகமதாபாத்தில் 170 ரன் எடுக்க வேண்டிய தென்னாப்பிரிக்காவை 105 ரன்னில் சுருட்டினார். 21 ரன்னுக்கு 6 விக்கெட். அடுத்த சில மாதங்களில் அந்தத் தோளுக்கு அறுவை சிகிச்சை.

1999 பிப்ரவரி, டெல்லி. பாகிஸ்தானின் ஒன்பது விக்கெட்டையும் கும்ப்ளே எடுத்திருந்தார். பத்தாவதும் அவருக்கே போகட்டும் என்று ஸ்ரீநாத் ஆஃப் ஸ்டம்புக்கு வெகுதூரம் வெளியே வீசினார். நடுவர் வைடு காட்டியும் கவலைப்படவில்லை. அதே மாதம் ஈடன் கார்டன்ஸில், அதே பாகிஸ்தானுக்கு எதிராக அவர் எடுத்தது 13 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 86 ரன்னுக்கு 8. இந்தியா 46 ரன்னில் தோற்றது. டெல்லியின் பத்தைச் சொல்லாத ஆள் இல்லை. கொல்கத்தாவின் பதிமூன்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

67 டெஸ்ட்டில் 236 விக்கெட், ஒருநாள் ஆட்டங்களில் 315. 2003 உலகக் கோப்பையோடு விடைபெற்றார்.

2019 நவம்பரில் அதே ஈடனில் வங்கதேசத்தின் 19 விக்கெட்டையும் இந்திய வேகப்பந்து வீச்சாளர்களே பங்கு போட்டுக்கொண்டார்கள்; சுழலுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2021 ஜனவரியில் காபாவில் பும்ராவும் ஷமியும் காயத்தால் ஆடவில்லை. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட சின்னப்பம்பட்டி நடராஜன் அங்கே டெஸ்ட் தொப்பி அணிந்து, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜுக்கு ஐந்து. ஆட்டமும் நமக்கே. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் இருக்கிறார். ஸ்ரீநாத்துக்கு வாய்க்காதது இதுதான்; அவருடைய 236ஐ இன்றைய எண்களோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

அவர் 2006 முதல் ஐசிசியின் ஆட்ட நடுவராக இருக்கிறார். ஆடுகளத்துக்கு மதிப்பீடு தருவதும் அந்தப் பொறுப்பில் அடக்கம். 2022 மார்ச்சில் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் இந்தியா-இலங்கை டெஸ்ட்டின் முதல் நாளே பந்து எக்கச்சக்கமாகத் திரும்பி, 16 விக்கெட் விழுந்தது. அவர் ஆடி வளர்ந்த மைதானம். கர்நாடக கிரிக்கெட் சங்கத்தின் செயலாளராகவும் இருந்திருக்கிறார். ஆனாலும் அந்த ஆடுகளத்துக்கு அவர் தந்த மதிப்பீடு, சராசரிக்கும் கீழே.