ஒரு சிறு கோடு காட்டும் பறவை

நூறாண்டுக்கு முன்பு வரை, ஒரு பறவை இன்னதென்று உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பறவை நூல்கள் மேசைமேல் கிடக்கும் உடலைப் பார்த்து எழுதப்பட்டவை. அலகின் நீளம், இறகுகளின் எண்ணிக்கை, அடிவயிற்றின் நிறம் என்று பக்கம் பக்கமாக விவரிக்கும். கிளையில் வந்தமர்ந்து நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பறந்துவிடும் பறவையிடம் இவற்றில் பாதியைக்கூடச் சரிபார்க்க முடியாது.

1934இல் இதை மாற்றியவர் ரோஜர் டோரி பீட்டர்சன் என்ற அமெரிக்க ஓவியர். அப்போது அவருக்கு வயது 25. சிறுவயதில் எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டனின் நாவல் ஒன்றைப் படித்திருந்தார். அதில் வரும் சிறுவன், வாத்துகளின் உடலிலுள்ள திட்டுகளை வரைந்து வைத்துக்கொண்டு, தொலைவிலிருந்தே அவற்றை இனம் பிரிக்க முயல்கிறான். அந்தப் பொறியைப் பீட்டர்சன் ஒரு முழுக் கையேடாக வளர்த்தார். பதிப்பகங்கள் சில மறுத்த பிறகு ஹௌட்டன் மிஃப்லின் துணிந்தது. அச்சிட்ட 2,000 படிகளும் வெகு சீக்கிரம் விற்றுத் தீர்ந்தன.

ஒன்றுபோலத் தோன்றும் பறவைகளை ஒரே பக்கத்தில், ஒரே நிலையில் வரைந்தார். எந்த இடத்தில் வேறுபாடோ அந்த இடத்தைத் தொட்டுக்காட்ட ஒரு சிறு கோடு இட்டார். முதல் பதிப்பின் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அது குறையே அல்ல. எதிர்வெயிலில், தொலைவில், முதலில் மறைவது நிறம்தான். மிஞ்சுவது வடிவமும் வெளிர்ந்த, கரிய திட்டுகளும்.

துல்லியமான ஒளிப்படங்கள் குவிந்து கிடக்கும் இன்றும் நல்ல கையேடுகள் பல ஓவியத்தையே நம்புகின்றன. காரணம் இருக்கிறது. ஒளிப்படம் ஒரு பறவையை, ஒரு வெளிச்சத்தில், ஒரு நொடியில் பிடிக்கிறது. இலை நிழல் முதுகில் விழுந்தால் அதுவும் இறகின் நிறமாகத் தெரியும். ஓவியரோ நூற்றுக்கணக்கான பறவைகளைப் பார்த்து, ஒன்றுக்கே உரிய தற்செயல்களைக் கழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் வரைகிறார். அப்படியே ஒரு பறவை எந்தக் காட்டிலும் இல்லை. ஆனாலும் அந்த இனத்தின் எந்தப் பறவையையும் அந்தப் படத்தால் அடையாளம் காண முடிகிறது. இதுதான் எனக்குத் தீராத வியப்பு.

நம் வயல்களின் வெள்ளைக் கொக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குக்கு அலகு குட்டை, மஞ்சள். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். பெரியதில் கடைவாய்க் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். நடுத்தரத்தில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இதைப் படித்து மனத்தில் இருத்துவது சிரமம். கோடிட்ட படத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும். அதனால்தான் கையேட்டில் ஒரே பறவைக்கு இரண்டு மூன்று உருவங்கள்.

இந்தியாவுக்கு 1941இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பறவை நூல் வந்தது. பறவையின் அளவைச் சொல்ல அவர் அங்குலத்தை மட்டும் நம்பவில்லை. சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து என எல்லோரும் அறிந்த பறவைகளையே அளவுகோலாக்கி, அதைவிடப் பெரிதா சிறிதா என்பதைக் கூட்டல், கழித்தல் குறியால் காட்டினார்.

அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போகும்போது கையேட்டைக் கூடவே கொண்டுபோங்கள். ஆனால் பறவை எதிரில் இருக்கும்போது பக்கம் புரட்டாதீர்கள். அலகு, கால், கண்ணோரம், வால் ஆகியவற்றைப் பார்த்து, முடிந்தால் கிறுக்கியாவது வரைந்துகொள்ளுங்கள். அது பறந்த பிறகு புத்தகத்தைத் திறக்கலாம்.