காட்சிப் பொருளும் விளக்கக் குறிப்பும்: தரங்கம்பாடி அருங்காட்சியகங்களை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

0. முன்னுரை

பெருநகர அருங்காட்சியகத்தில் உள்ள விளக்கக் குறிப்பு ஒன்றில் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவதற்கு நூல்கள் உள்ளன, வல்லுநரும் உளர். கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் வரலாற்று அருங்காட்சியகத்தின் நிலை அத்தகையதன்று. அங்குப் பொருளின் அருகில் வைக்கப்படும் சில வரிகளே காண்போர் பலருக்கும் அவ்வூரின் வரலாறாக அமைந்துவிடுகின்றன. அவ்வரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் முதலில் எழுதப்பட்டுப் பின்னர்த் தமிழாக்கப்படுகின்றன. ஆங்கில வரிகளும் டேனிய, செருமானிய ஆவணங்களிலிருந்து பெறப்பட்டனவாக இருக்கலாம். அவ்வாவணங்கள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது தமிழர் வாய்மொழியே. இவ்வாறு தமிழிலிருந்து புறப்பட்ட செய்தி மூன்று மொழிகளைக் கடந்து மீண்டும் தமிழுக்கு வருகையில் எவற்றை இழக்கிறது, அவற்றுள் எவற்றை மொழிபெயர்ப்பாளர் மீட்க இயலும் என்பன தரங்கம்பாடியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. அருங்காட்சியகத்தைக் குறிக்கும் சொற்கள்

இன்று தமிழகத்தில் நிலைபெற்றுள்ள சொல் அருங்காட்சியகம் என்பது. நூலகம், பதிப்பகம், மருந்தகம் ஆகியவற்றைப் போல அகம் என்பதனை ஈற்றில் கொண்ட ஆக்கம் இது. காட்சிக்கு 'அரு' என்னும் அடை தரப்பட்டிருத்தலால் அரியவற்றையே அங்குக் காணலாம் என்னும் எதிர்பார்ப்பு சொல்லிலேயே அமைந்துள்ளது. இலங்கைத் தமிழில் நூதனசாலை என்பது வழக்கு. நூதனம் என்பதன் முதற்பொருள் புதுமை. விந்தை என்பது தமிழில் விரிந்த பொருள். பழம்பொருள் உள்ள இடத்திற்குப் புதுமைப் பெயர் வந்தமை இவ்விரிவால் விளங்கும். வடநாட்டில் வழங்கும் அஜாயப்கர் 'விந்தை வீடு' என்றும், வங்க மொழியின் ஜாதுகர் 'மாய வீடு' என்றும் பொருள்படுவன. இந்திய மொழிகள் பலவும் இந்நிறுவனத்தை முதலில் வியப்புக்குரிய இடமாகவே கண்டன என்பதற்கு இவை சான்றாம்.

மக்கள் வழக்கு வேறு வழியில் செல்வது. சென்னையில் 1851இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிர்க்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். அருங்காட்சியகம் முதலில் கல்லூரி ஒன்றன் வளாகத்தில் தொடங்கப்பெற்ற வரலாறு 'காலேஜ்' என்னும் சொல்லில் தங்கியுள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தன் பொறுப்பிலுள்ள தல அருங்காட்சியகங்களுக்கு அகழ்வைப்பகம் என்னும் சொல்லை ஆள்கிறது. அகழ்ந்தெடுத்தவற்றை வைக்கும் இடம் என்பது இதன் பொருள். அகழாய்வில் கிடைக்காத பீங்கானும் வாளும் இருக்கும் இடத்திற்கும் இச்சொல் விரியும்போது, அதன் முதல்நிலை பொருளிழந்து துறைப்பெயராக மட்டும் நிற்கிறது.

2. ஊரும் அருங்காட்சியகங்களும்

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் பொன்னேட்டில் விடுத்த தமிழ் மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டன.

கோட்டையினுள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. பீங்கான் கலங்கள், மாக்கல் விளக்குகள், சுடுமண் பொருள்கள், சுதை உருவங்கள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், திமிங்கில எலும்பு முதலியன அங்கு இடம்பெற்றுள்ளன. செருமானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் பண்பாட்டு உரையாடலுக்கான அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. முன்னது பொருள்களை முதன்மையாகக் கொண்டது. பின்னது எழுத்தையும் அச்சையும் முதன்மையாகக் கொண்டது. இவற்றின் குறிப்புகளை ஆக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இனி வகைப்படுத்தப்படுகின்றன.

3. ஊர்ப்பெயர்

தரங்கம் என்பது அலை. பாடி என்பதனைப் 'பாடுவது' எனக் கொண்டு 'அலை பாடும் ஊர்' என்று விளக்குவது பரவலான வழக்கு. சுற்றுலா ஏடுகளில் இது 'பாடும் அலைகளின் நிலம்' என ஆங்கிலத்தில் வழங்கி, அங்கிருந்து தமிழுக்கும் திரும்பியுள்ளது. ஆயினும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் பாடி குடியிருப்பைக் குறிக்கும் பொதுக்கூறாகும். மேலும், இவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி எனக் குறிக்கிறது. சடங்கன் என்பது தரங்கம் ஆனபின் ஈற்றுக்கூறும் புதுப்பொருள் பெற்றது எனலாம். மக்கட் சொற்பிறப்பு எனப்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஐரோப்பியர் வழங்கிய டிராங்கபார் என்னும் வடிவமும் நோக்கத்தக்கது. முதலசையின் உயிர் மறைந்து மெய்ம்மயக்கம் தோன்றியுள்ளது. நாவளை ஒலியாகிய டகரம் ரகரமாகக் கேட்கப்பட்டுள்ளது. கொள்ளிடம் கொலரூன் ஆனதும் இவ்வகையினதே.

குறிப்பு எழுதுவோர் இம்மூன்று வடிவங்களுள் ஒன்றை மட்டும் தந்து ஏனையவற்றை விடுதல் எளிது. அவ்வாறு செய்யின் கல்வெட்டுச் சான்று மறைந்துபோகும். அக்கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துவிட்ட நிலையில் இவ்விழப்பு சிறியதன்று. மக்கள் விளக்கத்தைப் பொய் எனத் தள்ளவும் வேண்டுவதில்லை. கல்வெட்டு வடிவம் இன்னது, மக்கள் கொண்ட பொருள் இன்னது எனப் பிரித்துரைத்தல் போதும்.

4. 'மலபார்' என்னும் இடர்ச்சொல்

1706 சூலையில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவும் அவர்தம் சமகாலத்தவரும் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்னும் சொல்லால் குறித்தனர். ஐரோப்பியர் முதலில் மேலைக் கடற்கரையை அடைந்து அங்கிருந்து இச்சொல்லைக் கொண்டுவந்தமையே காரணம். ஆயின் 1716இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் இலத்தீன் வழித் தமிழிலக்கணம் தலைப்பில் 'தமுலிக்கா' எனத் தமிழின் பெயரையே தாங்கி நிற்கிறது. எனவே ஒரே ஆசிரியர் இரு பெயர்களையும் ஆண்டுள்ளார் என்பது தெளிவு.

'மலபார் நூல்கள்', 'மலபார் மொழி' என்று அப்படியே ஒலிபெயர்த்தால் இன்றைய வாசகர் அதனைக் கேரளத்தோடு தொடர்புபடுத்துவர். 'தமிழ்' என்று மட்டும் மாற்றினால் ஐரோப்பியர் கொண்ட பார்வை மறைந்துவிடும். நூற்பெயரில் மூலச் சொல்லைக் காத்து, விளக்கத்தில் தமிழ் எனத் தெளிவுறுத்துவதே பொருத்தமுடையது.

இதனினும் கடியது 'மலபார்க் கடிதங்கள்' பற்றிய சிக்கல். மறைப்பணியாளர் விடுத்த வினாக்களுக்குத் தரங்கம்பாடிப் பகுதித் தமிழர் 1712 முதல் எழுதிய விடைகள் அவை. சமயம், வழக்கம், கல்வி, மருத்துவம் எனப் பலவற்றைப் பேசும் 99 கடிதங்கள் செருமானிய மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இவற்றிலிருந்து ஒரு வரியைத் தமிழில் காட்சிப்படுத்துவோர், தமிழர் ஒருவர் தமிழில் எழுதியதனைச் செருமானியத்திலிருந்து மீளத் தமிழாக்குகின்றனர். அதனை மேற்கோட் குறிக்குள் இடும்போது, காண்போர் அதனை 18ஆம் நூற்றாண்டுத் தமிழர் சொற்களாகவே கொள்வர். 'செருமானிய வழி மீள்பெயர்ப்பு' என்னும் ஒரு தொடர் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

இக்கடிதங்களிலும் அவை சார்ந்த குறிப்புகளிலும் கிறித்தவரல்லாதாரைச் சுட்டும் செருமானியச் சொல்லும் இடர் தருவதே. அதனை 'இந்து' எனப் பெயர்ப்பது அக்காலத் தமிழுக்குப் பொருந்தாது. சீகன்பால்குவே 1713இல் அச்சிட்ட தமிழ்ச் சிறுநூலுக்கு 'அக்கியானம்' எனப் பெயரிட்டார். அவர்தம் தமிழ்ச்சொல் நமக்குக் கிடைத்திருக்கையில் அதனையே காட்டி, அது ஒரு தரப்பின் சொல் என்பதனையும் உணர்த்துதல் வேண்டும்.

5. பெயர்களின் ஒலிபெயர்ப்பு

சீகன்பால்கு என்னும் வடிவம் தமிழொலி மரபிற்கு இயைந்தது. மொழிமுதலில் சகரம், சொல்லிறுதியில் குற்றியலுகரம் ஆகியன அதன் இயல்புகள். ஆங்கில எழுத்தை மட்டும் நோக்கி 'ஜீகன்பால்க்' என்று எழுதுவதனால் செருமானிய ஒலியும் கிட்டுவதில்லை. தமிழ் வழக்கும் கெடுகிறது.

கோட்டையின் பெயரில் பிறிதொரு நுட்பம் உண்டு. டேன்ஸ்பர்க் என்பதன் ஈற்றுக்கூறு டேனிய மொழியில் கோட்டை என்றே பொருள்படும். எனவே 'டேன்ஸ்பர்க் கோட்டை' என்பது கூறியது கூறல். ஊரார் வழங்கும் 'டேனியக் கோட்டை' என்பதோ நேரிய மொழிபெயர்ப்பு. மேலும், டேனியரையும் டச்சுக்காரரையும் ஒலியொப்புமையால் ஒன்றெனக் கருதும் மயக்கம் நிகழ்வதுண்டு. அண்மையிலுள்ள நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசம் இருந்தமையால் இது வலுப்பெறும். டச்சுக்காரரை ஒல்லாந்தர் எனக் குறித்த பழைய வழக்கை மீட்டால் இம்மயக்கம் நீங்கும்.

6. பொருட்பெயர்களும் கடல்சார் சொற்களும்

மாக்கல், சுதை என்னும் சொற்கள் கொல்லர், சிற்பியர், வீட்டார் நாவில் உயிரோடு உள்ளவை. ஆங்கிலக் குறிப்பிலிருந்து பெயர்ப்போர் அகராதியை நாடி முன்னதனைக் கனிமப் பெயரால் ஒலிபெயர்ப்பதும், பின்னதனைச் 'சாந்துப் பூச்சு' என்று விரிப்பதும் எளிதில் நேரக்கூடியன. மாக்கல் சட்டியை அடுப்பிலேற்றிய மூதாட்டிக்குத் தன் வீட்டுப் பொருளே அங்கு அயற்பொருளாகிவிடும்.

கடல்சார் சொற்களில் இழப்பு இன்னும் மிகுதி. தரங்கம்பாடியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, அலைகடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தவை உள்ளூர்ப் படகுகள். சலங்கு, தோணி, கட்டுமரம் என்பவற்றை எல்லாம் 'படகு' என ஒரு சொல்லால் சுட்டினால் அவ்வுழைப்பின் வேறுபாடு புலப்படாது. கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்து இன்று இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கிறது. அங்கிருந்து பெயர்ப்போர் தமிழ்ப்பொருளை மறந்துவிடலாகாது. கரைவலையின் பைபோன்ற பகுதிக்கு மடி என்னும் பெயர் இருக்க, 'வலையின் பைப்பகுதி' என எழுதுவது வேண்டாதது.

காற்றுப் பெயர்களும் அவ்வாறே. இலக்கியம் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என நாற்றிசைக் காற்றையும் சுட்டும். மீனவர் வழக்கில் கொண்டலும் வாடையும் நிலைக்க, மேல்காற்று கச்சான் எனவும் தென்காற்று சோழகம் எனவும் வழங்குகின்றன. கப்பல் வரத்து காற்றைச் சார்ந்திருந்தமையால் டேனியர் வணிகத்தை விளக்கும் எக்குறிப்பிலும் இச்சொற்களுக்கு இடமுண்டு.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இவ்வூர் பெரிதும் பாதிக்கப்பட்டது. கடல்கோள் என்பது இலக்கியச் சொல். ஆழிப்பேரலை ஏடுகள் வழங்குவது. சுனாமி மக்கள் சொல். உயிரிழப்பைக் கண்டவர் வாய்மொழியைக் காட்சிப்படுத்தும்போது அவர்கள் சொன்ன சொல்லை மாற்றித் தூய்மையாக்குதல் சான்றினைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். ஒன்று, சிற்றூர் அருங்காட்சியகத்தின் தமிழ்க் குறிப்பு ஆங்கிலக் குறிப்பின் நிழலாக அமையாமல் தமிழிலேயே முதலில் எழுதப்படுதல் வேண்டும். இரண்டு, கல்வெட்டு, அச்சு நூல், மக்கள் வழக்கு ஆகிய மூன்றிலும் உள்ள சொல்லைத் தேடிய பின்னரே புதிய ஆக்கத்தை நாடுதல் வேண்டும். மூன்று, மீள்பெயர்ப்பாயின் அதனை வெளிப்படக் கூறுதல் வேண்டும். நான்கு, பொருளைப் பயன்படுத்தியோர், செய்தோர் ஆகியோரிடம் குறிப்பினைப் படித்துக் காட்டிய பின்னரே அதனை முடிவு செய்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தட்டார் தெருவிலும் மீனவர் குப்பத்திலும் சொல் சேகரிக்கும் ஒரு கள ஆய்வாளரும், ஆவண மொழி அறிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கிருந்து உழைத்தால் போதும். பீங்கானும் வாளும் கண்ணாடிப் பேழைக்குள் பல்லாண்டு நிலைக்கும். அவற்றைக் கரை சேர்த்தோரின் சொற்களோ அவற்றை வழங்குவோர் உள்ளவரையே கிடைக்கும். அவற்றைப் பதிவு செய்யும் இடமாக விளக்கக் குறிப்பு அமையுமாயின், அந்த அருங்காட்சியகம் டேனியர் வரலாற்றோடு ஊரின் வரலாற்றையும் காப்பதாகும்.