சதுப்பில் புதைந்த நஞ்சு

மண்ணுக்குள் புதைத்த குப்பையை மனிதர் விரைவில் மறந்துவிடுவர். மண் அதனை எளிதில் மறப்பதில்லை. இதற்குச் சான்று பாசிர் ரிஸ் வட்டாரத்தின் அண்டையிலேயே உள்ளது.

சிராங்கூன் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள லோரோங் ஹாலுஸ், 1970 முதல் 1999 வரை சிங்கப்பூரின் குப்பை கொட்டும் நிலமாக இருந்தது. பின்னர் அந்த ஆற்றின் முகத்துவாரம் அணையிடப்பட்டு, 2011-ல் நீர்த்தேக்கமாயிற்று. குப்பையினூடே இறங்கும் மழைநீர் அதன் அழுக்கைக் கரைத்துக்கொண்டு கசியும். அக்கசிவுநீர் குடிநீரிற் கலவாதிருக்க, கரையோரம் நிலத்துள் தடுப்புச் சுவர் அமைத்தனர். திரட்டிய கசிவுநீரை நாணல் வளர்ந்த ஈரநிலத்தின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கின்றனர். குப்பை கொட்டுவது நின்று ஆண்டுகள் பல கடந்தும் காவல் நிற்கவில்லை.

இத்தகைய நிலத்தை ஆராயாமல் தோண்டினால் விளையும் தீங்குகள் மூன்று.

முதலாவது, நீர்க்கேடு. தோண்டும் பள்ளம், தேங்கியிருந்த கசிவுநீருக்குப் புதுவழி திறந்துவிடும்.

இரண்டாவது, மண்கேடு. கண்டல் மரங்கள் வளரும் சதுப்புச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய பொருள் உண்டு. நீரில் மூழ்கியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தோண்டி வெளியே குவித்தால், காற்றுப் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அவ்வமிலம் மண்ணிலுள்ள உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுசெல்லும். மீனும் நண்டும் மடியும்.

மூன்றாவது, உயிர்க்கேடு. மக்கும் குப்பையில் மீத்தேன் பிறக்கும்; அது தீப்பற்றக்கூடியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவோ காற்றினும் கனமானது, பள்ளத்தில் தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். ஆதலின், நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கிற்று என எண்ணுவது பெரும்பிழை. விழுந்தவரைத் தூக்கப் பாதுகாப்பின்றி இறங்குபவரும் உடன் வீழ்வர்.

ஆகவே, மண்ணையும் நிலத்தடி நீரையும் முன்கூட்டியே சோதித்தல் வேண்டும்; ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் காற்றைக் கருவியால் அளந்தபின்பே ஆள் இறங்க வேண்டும்; அகழ்ந்த சேற்றை மழை படாது மூடிவைத்தல் வேண்டும். சிங்கப்பூரில் மண் வெட்டுவோருள் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் பலர். எச்சரிக்கைகள் அவர்களுக்கு விளங்கும் தமிழில் இருத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் சேற்று நீரை ஊற்றித் தெளியவிடுங்கள். பிறகு ஒரு குச்சியால் அடியைக் கிளறுங்கள். தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டுகொள்வர்.