வெருளிகள் வாழும் மலைக்கிராமம்

யப்பான் என்றவுடன் தோக்கியோ நகரின் வானளாவும் மாடங்களும், மின்னலென விரையும் புகையிரதங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின், அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு. அக்காடு போர்த்த மலைகளின் மடியில் எத்தனையோ சிற்றூர்கள் ஆளரவம் குன்றி ஒடுங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்றைக் காணவே நாம் சிக்கோக்குத் தீவுக்குச் சென்றோம்.

யப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியது சிக்கோக்கு. அங்கே, தொக்குசிமா மாநிலத்தில், இயா ஆறு மலையை அறுத்தோடும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று உளது. 1185ஆம் ஆண்டில் கடற்போரில் தோற்ற தைரா குலத்தார் இங்கு வந்து ஒளிந்து வாழ்ந்தனர் என்பது வழிவழி வழங்கும் கதை. ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் அதலபாதாளம், இடையே ஒடுங்கிய பாதை. அதன்வழி மேலேறி நகோரோ என்னும் கிராமத்தை அடைந்தோம்.

வயலோரத்தில் வேலை செய்வோர், பஸ் தரிப்பிடத்திற் காத்திருப்போர், வீட்டு முற்றத்தில் அளவளாவுவோர் எனப் பலர் காட்சியளித்தனர். அவர்கள் அனைவரும் வெருளிகளே! மரச்சட்டத்திற் பழைய செய்தித்தாள்களைச் சுற்றி, துணியால் முகம் தைத்து, மாந்தர் உடுத்துக் கழித்த ஆடைகளை அணிவித்த பொம்மைகள். 2019ஆம் ஆண்டில் இவ்வூரில் வாழ்ந்தோர் முப்பதின்மருக்கும் குறைவு. பொம்மைகளோ முந்நூறுக்கும் மேல்.

ஒசாக்கா நகரில் நெடுங்காலம் வாழ்ந்த பெண்மணி ஒருவர், முதிய தந்தையாரைப் பராமரிக்கும் பொருட்டு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூருக்குத் திரும்பினார். தோட்டத்தில் இட்ட விதைகளைப் பறவைகள் தின்றுவிடவே, தந்தையின் சாயலில் ஒரு வெருளி செய்து நிறுத்தினார். அயலவர் அதனை அவரெனவே எண்ணி வணக்கங் கூறினராம். பின்னர், இறந்தோரையும் ஊரைவிட்டுப் பெயர்ந்தோரையும் நினைந்து பொம்மைகள் செய்யலானார். மழையும் வெயிலும் அவற்றை நைந்துபோகச் செய்யும். அவரும் சலியாது புதியன செய்வார்.

நம் நெஞ்சை உருக்கியது பாடசாலையே. எஞ்சியிருந்த இரு மாணவரும் கல்வியை முடித்தபின், 2012ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. இன்று வகுப்பறையில் துணிப் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். முன்னே துணி ஆசிரியர் நிற்கின்றார். பாடம் தொடங்குவதுமில்லை; மணி அடிப்பதுமில்லை.

இந்நிலைக்குப் போரோ பஞ்சமோ காரணமன்று. போருக்குப்பின் மலைச்சரிவுகளிற் சுகி என்னும் ஊசியிலை மரங்களைப் பெருவாரியாக நட்டனர். ஆனால், 1964ஆம் ஆண்டளவில் அயல்நாட்டு மரங்களுக்குச் சந்தை முற்றாகத் திறந்துவிடப்பட, மலைமரத்தின் மதிப்புக் காலப்போக்கிற் சரிந்தது. தொழிற்சாலைகளோ நகரங்களிற் பெருகின. சரிவு நிலத்தில் மண்ணோடு போராடிய பெற்றோர், தம் மக்களேனும் நன்றாக வாழட்டும் என்று அவர்களைப் படிக்க அனுப்பினர். மக்களும் நன்றாகவே வாழ்ந்தனர், திரும்பிவரத்தான் இல்லை.

இதே தீவிலுள்ள கொச்சிப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஓனோ அகிரா, இத்தகைய ஊர்களுக்கு ‘எல்லையை எட்டிய கிராமம்’ எனப் பொருள்படும் பெயரொன்றை இட்டார். ஊராரிற் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்து, பொதுக் காரியங்களை நடத்துதல் அரிதாகிவிட்ட நிலையையே அவர் அவ்வாறு குறித்தார். இன்று இது மலைநாட்டோடு நிற்கவில்லை. 2008ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டிய யப்பானின் மக்கட்டொகை அதன்பின் இறங்குமுகமாகவே உளது. 2023இற் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 7 இலட்சத்து 27 ஆயிரம்; இறந்தோர் அதனிலும் இருமடங்குக்கு மேல்.

கூரையைச் செப்பனிடவும், பாதையிற் சரிந்த மண்ணை அகற்றவும், இறந்தவரைச் சுமக்கவும் நாலு பேர் வேண்டும். பொம்மைகள் முந்நூறு இருந்தும் அந்த நாலு பேராக முடியாது. ‘இங்கே இன்னார் இருந்தார், இம்முகம் உடையவராய் இருந்தார்’ என்று கூறுதல் மட்டுமே அவற்றால் இயலும். அவற்றைச் செய்த கைகளும் அதற்குமேல் எதையும் வேண்டவில்லை. ஓர் ஊர் எப்போது முடிவுறுகின்றது என்று எம்மைக் கேட்பின், கடைசி வீடு இடியும் நாளன்று, கடைசிப் பிள்ளை புத்தகப் பையுடன் பாடசாலைப் படியிறங்கும் நாளே என்போம்.