வீழ்ந்தவர் மீளாத ஆட்டம்

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்க்கு ஒரு காலாளை இழப்பது பெருந் துயரமன்று. காலாட்கள் எட்டு, அவற்றுள் எதற்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை, உற்றார் இல்லை. ஆட்டம் முடிந்ததும் வெட்டுண்ட காய்கள் யாவும் மீண்டும் பலகையேறி நிற்கும். அக்காய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் முகமும் வாழ்க்கைக் கதையும் இருந்து, ஓர் ஆட்டத்தில் வெட்டுண்ட காய் அடுத்த ஆட்டத்திலும் திரும்பி வாராது என்று விதி வகுத்துவிட்டால், காயைத் தொடுமுன் ஆடுபவரின் கை எத்தனை முறை தயங்கும்? இவ்வினாவையே அடித்தளமாகக் கொண்டு அமைந்த கணினி விளையாட்டு ஒன்று உண்டு. ‘பயர் எம்பிளம்’ என்பது அதன் பெயர். ‘தீச்சின்னம்’ என்று அதனைத் தமிழிற் சொல்லலாம்.

இவ்விளையாட்டு 1990ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் ஜப்பானிலே தோன்றியது. நின்டென்டோ நிறுவனத்துக்காக இன்டெலிஜன்ட் சிஸ்டம்ஸ் என்னும் குழுவினர் இதனை ஆக்கினர். வடிவமைத்தவர் ஷோசோ காகா என்பவர். அக்காலத்திலே கணினி விளையாட்டுகளுள் இரு மரபுகள் தனித்தனியே வளர்ந்து வந்தன. படைகளைக் கட்டங்களில் நகர்த்தும் போராட்டம் ஒன்று. வீரன் ஒருவனின் கதையை அவனாகவே நின்று நடத்திச் செல்லும் கதையாட்டம் மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்தது காகாவின் முயற்சி. பதின்மூன்று ஆண்டுகள் வரை இத்தொடர் ஜப்பானிய எல்லைக்குள்ளேயே வழங்கிற்று. 2003ஆம் ஆண்டிலே ‘கேம் போய் அட்வான்ஸ்’ என்னும் கைக்கருவிக்காக வெளிவந்த பகுதியே முதன்முதலாகப் பிறநாடுகளுக்குச் சென்றது. அதற்கு முன்னர் இதனை அறியாத மக்களுக்கென்று, கற்பிக்கும் நோக்குடன் அதன் முதற் பாகம் அமைந்தது. ஆதலின், புதிதாகக் கற்கப் புகுவோர்க்கு அப்பகுதியே ஏற்ற பாடநூல் எனலாம்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஆடுகளம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆடுபவரின் முறை வந்ததும் தம் படையினர் அனைவரையும் தாம் விரும்பிய ஒழுங்கில் ஒவ்வொருமுறை நகர்த்தித் தாக்கவோ, மருந்திடவோ, காத்து நிற்கவோ செய்யலாம். பின்னர் எதிரிப்படை முழுவதும் அவ்வாறே நகரும். குதிரைவீரர் தொலைவு செல்வர். கனத்த கவசம் பூண்டோர் மெல்ல நடப்பர். சிறகுடைய குதிரையில் ஏறியோர் மலையையும் ஆற்றையும் கடந்து பறப்பர். தலைவன் வீழ்ந்தால் அப்போர் தோற்றது. மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஆடல் வேண்டும். ஏனையோருள் ஒருவர் வீழ்ந்தால் போர் தொடரும், கதையும் தொடரும். வீழ்ந்தவர் மாத்திரம் திரும்பார். லின் என்னும் நங்கையின் கதையாகிய முதற் பாகத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அதில் வீழ்ந்தோர் அப்பாகம் முடியும்வரை விலகி நின்று, அடுத்த பாகத்திலே திரும்ப வருவர். அதற்கப்பால் அச்சலுகை இல்லை.

இவ்விதியை அறியாது புகுபவர் முதல் நாளிலேயே இரண்டு மூன்று பேரை இழந்துவிடுகின்றனர். அவ்விழப்புக்குக் காரணம் அறிவின்மையன்று, விரைவே. எதிரியைக் கண்டதும் பாய்வது இளையோர் இயல்பு. இவ்வாட்டமோ பாயுமுன் எண்ணுபவர்க்கே வழிவிடும். வள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசர்க்கென வகுத்த அம்மூன்று தலைப்புகளும் கைக்கருவியில் ஆடும் சிறுவனுக்கும் பொருந்தி நிற்கின்றன.

முதலாவது வலி. இவ்வாட்டத்தில் வலிமை மறைபொருளன்று. எல்லாம் எண்களாகத் திரையிலே தோன்றும். ஒருவனது உடல்வலுவோடு ஆயுதத்தின் ஆற்றலைக் கூட்டி, எதிரியின் காப்பைக் கழித்தால் வருவதே ஓர் அடியின் பயன். உதாரணமாக, உடல்வலு 6 உள்ள ஒருவன் ஆற்றல் 5 உள்ள இரும்பு வாளை ஏந்தி, காப்பு 3 உள்ள எதிரியை அடித்தால் 8 புள்ளி சேதம் விளையும். அவனது வேகம் எதிரியின் வேகத்தைவிட 4 அல்லது அதற்கு மேல் மிகுந்திருப்பின் அவன் இருமுறை அடிப்பான். 8 என்பது 16 ஆகும்.

தொடக்கநிலையினர் பெரிதும் இடறுவது இங்கேதான். இரும்பு வாளைவிட உருக்கு வாள் வலியது. அதன் ஆற்றல் 8. ஆதலின் அதுவே சிறந்தது என்று கையில் எடுக்கின்றனர். ஆனால் இரும்பு வாளின் எடை 5, உருக்கு வாளின் எடை 10. ஏந்துபவனின் உடற்கட்டு 5 ஆயின், மிஞ்சிய 5 எடையும் அவன் வேகத்திலிருந்து கழிந்துவிடும். வேகம் 10 உள்ளவன் வேகம் 5 உள்ளவனாகிவிடுவான். எதிரியின் வேகமும் 5 ஆயின் இரண்டாம் அடி இல்லாமற் போகும். இரும்பு வாளால் 8 வீதம் இருமுறை, ஆக 16. உருக்கு வாளால் 11 ஒரேமுறை. கனத்த ஆயுதம் குறைந்த பயனைத் தந்தது. தாங்குபவனின் அளவறிந்து கருவி தருதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். மேலும் ஆயுதங்கள் தேய்ந்து முறியும் இயல்பின. இரும்பு வாள் 46 முறையும் உருக்கு வாள் 30 முறையும் உதவும். எளிய எதிரிக்கு எளிய ஆயுதமே போதும்.

ஆயுதங்களுக்குள்ளும் ஒரு முக்கோண உறவு உண்டு. வாள் கோடரியை வெல்லும். கோடரி ஈட்டியை வெல்லும். ஈட்டி வாளை வெல்லும். வெல்லும் பக்கத்தார்க்கு அடி படும் வாய்ப்பு நூற்றுக்கு 15 கூடும், சேதமும் 1 கூடும். எதிர்ப்பக்கத்தார்க்கு அதே அளவு குறையும். இதனைக் கற்பிக்கும் முறை நயமானது. லின்னுடன் வந்து சேரும் செயின் என்னும் குதிரைவீரன், ஈட்டியே வீரனுக்கு அழகு என்று எண்ணிக் கோடரி ஏந்திய கள்வன்மீது ஈட்டியோடு பாய்கிறான், அடி தவறுகிறது. உடன்வந்த தோழன் கென்ட் அவனைக் கண்டிக்கிறான். அழகுக்காக எடுத்த ஆயுதம் ஆபத்துக்கு உதவவில்லை என்னும் பாடம், விதியாகச் சொல்லப்படாமல் கதையாக நிகழ்ந்து மனத்திலே பதிகின்றது.

அடி படும் வாய்ப்பைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். திரையிலே 75 என்று தோன்றினால், நூற்றில் எழுபத்தைந்து முறை அடி படும் என்றே யாவரும் கொள்வர். உள்ளே நடப்பது வேறு. கருவி 0 முதல் 99 வரையுள்ள எண்களில் இரண்டை எடுத்து, அவற்றின் சராசரி 75க்குக் குறைந்தால் அடி பட்டதாகக் கொள்ளும். இரண்டு எண்கள் அமையக்கூடிய 10,000 வகைகளைக் கணக்கிட்டால், 8,775 வகைகளில் அடி படும். அஃதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 88. அவ்வாறே 25 என்று காட்டுவது உண்மையில் 13க்கும் சற்றுக் குறைவு. உயர்ந்த வாய்ப்பு மேலும் உயர்கின்றது. தாழ்ந்தது மேலும் தாழ்கின்றது. ஆயினும் 88 என்பது 100 அன்று. எட்டு முறைக்கு ஒருமுறை அடி தவறும். ஆதலின் தாக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி, ‘அடி படுமா?’ என்பதன்று, ‘அடி தவறினால் நம்மவன் பிழைப்பானா?’ என்பதே. எதிரியின் பேரடி மும்மடங்கு சேதம் தருவது. எனவே அதன் வாய்ப்பாகத் திரையில் ஒன்றோ இரண்டோ தோன்றினாலும் அதனையும் கணக்கிற் சேர்த்தல் நன்று.

இரண்டாவது இடம். காட்டுக் கட்டத்தில் நிற்பவனுக்கு அடியிலிருந்து தப்பும் வாய்ப்பு 20 கூடும். காப்பும் 1 கூடும். கோட்டைக் கட்டத்தில் நின்றாலோ ஒவ்வொரு முறையும் புண் சிறிது ஆறும். இவற்றினும் சிறந்தது குறுகிய வழி. இரு பாறைகளுக்கிடையே ஒரே கட்ட அகலமுள்ள வழியில் கவசவீரன் ஒருவனை நிறுத்தினால், எதிரில் எத்தனை பேர் வரினும் ஒருவனே அருகில் நின்று அவனைத் தாக்கலாம். பின்னால் நிற்கும் வில்லாளரும் மந்திரவாதியரும் அவன் தோளுக்கு மேலாகத் தாக்கிக்கொண்டிருப்பர். இவ்வாட்டத்தின் வில்லாளன் அருகில் வந்தவனைத் திருப்பி அடிக்க இயலாதவன். மருந்திடும் பெண்ணோ ஆயுதமே இல்லாதவள். இவர்களை முன்வரிசையில் விடுவது அவர்களைக் கைவிடுவதாகும். பறக்கும் வீராங்கனை எங்கும் செல்வாள். ஆனால் அம்பு அவளைப் பன்மடங்கு வருத்தும். அவளை நகர்த்துமுன் களத்திலுள்ள விற்களை எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது காலம். எதிரி ஒருவன்மீது சுட்டியை வைத்தால், அவன் எந்தெந்தக் கட்டம் வரை வந்து தாக்கக்கூடும் என்பதைத் திரை காட்டும். அவ்வெல்லைக்கு ஒரு கட்டம் இப்பால் படையை நிறுத்தி, புண் தாங்கவல்ல ஒருவனை மட்டும் எல்லைக்குள் விடுதல் தேர்ந்தோர் முறை. எதிரிகள் அவனை நாடி வருவர். அவன் திருப்பி அடிப்பான். அடுத்த முறையில் படை முழுவதும் வந்தவரைச் சூழ்ந்துகொள்ளும். ஆயினும் காத்திருத்தல் மட்டுமே அறிவு என்று கொள்ளலாகாது. சில களங்களில் கள்வர்கள் ஊர்களைக் கொளுத்த விரைந்து செல்வர். அவர்களுக்கு முன்னர் ஊரை அடைந்தால் ஊரார் அறிவுரையும் பரிசும் தருவர். பிந்தினால் சாம்பலே மிஞ்சும். எங்கே பொறுத்தல், எங்கே விரைதல் என்பதைக் களம் தொடங்குமுன் வரைபடத்தைப் பார்த்தே தீர்மானித்தல் நன்று.

வலியும் இடமும் காலமும் அறிந்தபின் எஞ்சி நிற்பது ஆளறிதல். எதிரியை வீழ்த்துபவர் பட்டறிவுப் புள்ளி பெறுவர். நூறு புள்ளி நிறைந்ததும் ஒரு படி உயர்வர். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் எலிவுட் என்னும் இளவரசனுக்குத் துணையாக மார்கஸ் என்னும் முதிர்ந்த வீரன் வருகிறான். ஏனையோர் யாவரினும் அவன் வலியவன். எனவே எல்லாப் போரையும் அவனைக் கொண்டே முடித்துவிட மனம் தூண்டும். அவனோ முன்னரே உயர்ந்தவனாதலின் அவன் பெறும் புள்ளி சிறிது. இளையோர் பெறவேண்டிய பயிற்சி வீணாகும். அவன் எதிரியைத் தளர்த்திவிட, இறுதியடியை இளையவன் அடிப்பதே முறை. வகுப்பிலே கெட்டிக்காரன் ஒருவனையே எல்லா வினாவுக்கும் எழுப்பும் ஆசிரியர், ஆண்டிறுதியில் ஏனைய முப்பது பேரின் விடைத்தாளைக் கண்டு வருந்துவது போன்றது, மார்கஸை மட்டும் நம்பியவர் நிலை.

எதிரிப்படையிலும் பெயருடையோர் சிலர் இருப்பர். அவர்களை உடனே வெட்டிவிடலாகாது. டோர்காஸ் என்னும் கோடரி வீரன் கள்வருடன் சேர்ந்து நிற்கிறான். அவன் மனைவி நத்தாலியின் கால் நோயுற்றிருக்கின்றது. மருத்துவத்துக்குப் பொருள் வேண்டியே அவன் அத்தொழிலில் இறங்கினான். லின் அவனை அணுகிப் பேசினால் அவன் மனம் மாறித் துணைவனாவான். பேசாது வெட்டினால், ஒரு நல்ல துணைவனைத் தன் கையாலேயே இழந்தவர் ஆவார் ஆடுபவர். யார் எதிரி என்று பார்ப்பதோடு அமையாது, ஏன் எதிரியானான் என்றும் கேட்கச் செய்வது இவ்விளையாட்டின் சிறப்பு.

இத்தனையும் கற்றபின்பும் ஒருநாள் ஒருவர் வீழ்வார். அப்போது என்செய்வது? கருவியை நிறுத்தி அப்போரை முதலிலிருந்தே ஆடுவோர் உளர். இழப்பை ஏற்று மேலே செல்வோரும் உளர். இரண்டும் ஆட்டத்தின் விதிக்கு உட்பட்டனவே. 2010ஆம் ஆண்டிலே ஜப்பானில் வெளிவந்த பகுதி, வீழ்ந்தோர் அடுத்த போரில் மீண்டு வரும் எளிய முறையையும் விரும்பியோர் தெரிந்தெடுக்க இடமளித்தது. 2019ஆம் ஆண்டில் வந்த பகுதியிலோ, ஒரு போரிற் சிலமுறை காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதியும் உண்டு. புதியவர் எளிய முறையில் தொடங்குவதில் இழுக்கு யாதும் இல்லை. நீந்தப் பழகுபவன் ஆழமில்லாத துறையில் இறங்குவது இயல்பே. ஆனால் எளிய முறையிலும், வீழ்ந்தவர் மீளார் என்றே எண்ணி ஆடுபவர்தாம் விரைவில் தேர்ச்சி பெறுவர்.

ஒருவரை இழந்தவர் முதலிற் செய்யவேண்டியது வேறொன்று. அவ்விழப்பு நிகழ்ந்த முறைக்கு முந்திய முறையை நினைவிற் கொண்டுவருதல் வேண்டும். பேரடி வாய்ப்பை எண்ணவில்லையா? வில்லாளன் ஒருவனை மறந்தாரா? மருந்திடுபவளை ஒரு கட்டம் முன்னால் நிறுத்தினாரா? பெரும்பாலும் தவறு இறந்த கணத்தில் இராது. அதற்கு முன்னே, யாதும் நேராதென்று எண்ணி நகர்த்திய ஒரு கட்டத்தில் இருக்கும். அதனைக் கண்டுபிடித்தவர் மறுமுறை அதே தவற்றைச் செய்யார்.

பொழுதுபோக்கென்று தொடங்கும் இவ்விளையாட்டு, கணக்கையும் பொறுமையையும் ஒருங்கே கேட்கின்றது. தம் சொல்லை நம்பிக் களத்தில் நிற்பவர் ஒவ்வொருவரும் ஒரு பெயருடையவர் என்பதை ஆடுபவர் மறவாதிருப்பின், ஏனைய விதிகள் யாவும் தாமே கைவரும்.